பொன்னியின் செல்வன் பேக்கேஜ்: எந்த நிறுத்தம் தேறும், எதை மாற்றச் சொல்ல வேண்டும்

2022இல் படம் வந்த பிறகு, கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் வாடகை வண்டி வைத்திருப்பவர்கள் பலர் ‘பொன்னியின் செல்வன் பேக்கேஜ்’ என்று ஒரு சுற்றை விற்கிறார்கள். ஒரு நாள் சுற்றில் வழக்கமாகக் கிடைப்பவை தாராசுரம், பட்டீஸ்வரம், தஞ்சைப் பெரிய கோயில், தஞ்சை அரண்மனை, நேரம் மிஞ்சினால் கங்கைகொண்டசோழபுரம். ஐந்தும் ஆயுளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் கல்கியின் ஐந்து பாகங்களையும் படித்துவிட்டு அந்தக் கதையின் மண்ணை மிதிக்க வருகிறவருக்கு இந்தப் பட்டியலில் தேறுவது பட்டீஸ்வரம் ஒன்றுதான், அதுவும் அதன் சுற்றுப்புறத்துக்காக.

கணக்கு எளிது. கதை நடப்பது சுந்தர சோழரின் கடைசிக் காலம், ஏறக்குறைய 970. பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறியது 1010இல். கங்கைகொண்டசோழபுரம் ராஜேந்திரன் கட்டியது, அதற்கும் பிந்தியது. தாராசுரம் 12ஆம் நூற்றாண்டு. தஞ்சை அரண்மனை நாயக்கர்களும் மராட்டியர்களும் கட்டியது. நாவலில் வரும் பழுவேட்டரையரின் நிலவறையை அங்கே சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கதையின் நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்தபோது இவற்றில் ஒன்றுகூட அங்கே நின்றிருக்கவில்லை.

ஆகவே வண்டி பேசும்போதே ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: 970இல் அந்தக் கல்லோ, கரையோ, களமோ அங்கே இருந்ததா? இருந்தது என்றால் போகலாம். இந்தக் கேள்வியைக் கேட்டதும் சுற்றின் வரைபடமே மாறிவிடும். அப்படி மாற்றிய சுற்றில் ஒவ்வொரு நிறுத்தமும் எப்படி என்பதுதான் கீழே.

முதல் நாள் விடியற்காலையில் வீராணம். நாவலின் முதல் பக்கத்தில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, கரை நெடுக மக்கள் கூடியிருக்க வந்தியத்தேவன் வந்து நிற்கும் வீரநாராயண ஏரி இதுதான். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். வடக்கே பகைவரை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கியிருந்த இளவரசன் ராஜாதித்தன், சும்மா இருந்த வீரர்களைக் கொண்டு இதை வெட்டினான் என்பது மரபு. அந்த ராஜாதித்தன் 949இல் தக்கோலப் போரில் யானைமேலேயே மாண்டான். கதையின் போர்ப் பகை முழுவதற்கும் இந்த ஏரிக்கரை ஒரு முன்னுரை மாதிரி. டெல்டாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் காட்டுமன்னார்கோயில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அணைக்கரையில் கடக்கும் கீழணை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. அங்கே தேங்கும் கொள்ளிடத்து நீர்தான் வடவாறு வழியாக ஏரிக்குப் போகிறது. காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி லால்பேட்டையில் ஏரிக்கரை தொடங்கும். கரை ஏரிக்குக் கிழக்கில் இருப்பதால் தண்ணீர் உங்களுக்கு மேற்கே விரியும். காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், நீர் நீலமாகத் தெரியும், படம் எடுக்கத் தோதான நேரம். சாயங்காலம் போனால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். அஸ்தமனம் பார்க்க மட்டும் அது நல்லது. பேக்கேஜ்காரர்கள் இந்த ஏரியைச் சேர்த்தாலும் பெரும்பாலும் கடைசியில்தான் வைக்கிறார்கள். ‘முதலில் ஏரி’ என்று சொல்லி வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

இங்கே அதிகம் பேர் ஏமாறுவது தண்ணீர் விஷயத்தில். ஏரியின் முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்தே போகிறது. கோடையில் மட்டம் இறங்கிவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த சேறும் மேயும் மாடுகளும்தான் இருக்கும். நாவலில் படித்துவிட்டு ஆடிப்பெருக்கன்றே போக வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. அது தள்ளிப்போன ஆண்டில் ஆடி 18க்கு ஏரி நிரம்பியிருக்காது. திறந்தாலும் கல்லணை, கீழணை, வடவாறு என்று இறங்கி வர நாள் பிடிக்கும். புறப்படுவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் வீராணத்தின் நீர்மட்டம் பாருங்கள். 44, 45 அடிக்கு மேல் இருந்தால் தாராளமாகப் போகலாம். நம்பிக்கையான மாதங்கள் செப்டம்பர் முதல் ஜனவரி வரை. நவம்பரில் மழையும் சேறும் இருக்கும். ஆனால் சுற்றிலும் சம்பா பச்சை கட்டி நிற்கும். நாவல் சொல்லும் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணிப் பார்க்க முயல வேண்டாம், இன்றைய மதகுக் கணக்கு வேறு.

ஏரியிலிருந்து திரும்பும்போது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி. அனந்தீசுவரர் கோயில் சிறியது, வாசலில் கூட்டம் இருக்காது, பேக்கேஜில் பெயரும் இருக்காது. ஆனால் இந்த முழுச் சுற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கருவறைப் புறத்தே மேற்குப் பக்கம் தேடுங்கள். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை’, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் இருக்கிறது. சோமன், ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பெயர்கள் வரும். நாவலின் சதிகாரனாக ஐந்து பாகம் முழுக்க நம்மைத் துரத்திய ரவிதாசன் கல்லில் எழுத்தாக நிற்பதைப் பார்ப்பதற்கு ஈடாக இந்தப் பயணத்தில் வேறொன்றும் இல்லை.

படிக்க ஒரு வழி இருக்கிறது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை ஒன்பதுக்குள் போய், கைபேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், குழிவில் நிழல் விழுந்து எழுத்து மேலெழும்பும். நேராக அடித்தால் வெறும் கல்தான் தெரியும். வடமொழிச் சொற்கள் கிரந்தத்தில் இருப்பதால், முதலில் எண்ணையும் ‘சோழ’ என்ற எழுத்துகளையும் கண்டுபிடித்துக்கொண்டு அங்கிருந்து நகர்வது எளிது. சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். எண்ணெய் தூசியை இழுத்து எழுத்தை அடைத்துவிடும். ஒருவர் செய்தால் அடுத்தவர் படிக்க முடியாது. இன்னொன்று: கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று இந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. யார் ஏவியது என்பதும் அதில் இல்லை. வழிகாட்டி யாராவது இதைக் காட்டி ‘கொலைகாரி நந்தினிதான்’ என்று முடித்தால், அது கல்கியின் கற்பனையையும் கல்லையும் கலந்து சொல்வது. நந்தினி நாவலில்தான் இருக்கிறாள்.

கோயில் பூட்டியிருப்பதுதான் இங்கே நிகழக்கூடிய பெரிய சங்கடம். டெல்டாவின் சிறிய கோயில்களில் குருக்கள் ஒருவரே இரண்டு மூன்று ஊர் பார்ப்பார். காலையில் பூசை முடிந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவார். பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை எந்தச் சிறு கோயிலையும் திட்டத்தில் வைக்காதீர்கள். உடையார்குடி எட்டரைக்குள், ஏரி அதற்கு முன்னால் என்றால் கும்பகோணத்தைவிட்டு ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். டிரைவரிடம் முந்தின நாள் இரவே சொல்லிவிடுங்கள்.

பக்கத்திலேயே கடம்பூர். சம்புவரையர் மாளிகை, நள்ளிரவுக் கூட்டம், ஆதித்த கரிகாலனின் முடிவு எல்லாம் நாவலில் இங்கேதான். ஊரில் மாளிகை எதுவும் கிடையாது. மேலக்கடம்பூரில் இருப்பது தேர் வடிவில் சக்கரமும் குதிரையுமாகக் கட்டிய அமிர்தகடேசுவரர் கோயில். இப்போது நிற்கும் கற்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது, நம் அளவுகோலுக்குப் பிந்தியது. ஆனாலும் சிற்பத்துக்காக அரை மணி கொடுக்கலாம். வரைபடத்தில் வெறுமனே ‘கடம்பூர்’ என்று போட்டால் தூத்துக்குடி மாவட்டத்துக் கடம்பூருக்கோ ஈரோட்டு மலைக்கோ வழி காட்டும். ‘மேலக்கடம்பூர்’ என்று முழுதாகப் போடுங்கள்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கும்பகோணம் திரும்பும்போது நான்கு மணி ஆகிவிடும். திருப்புறம்பயத்துக்கு அது சரியான நேரம். இன்னம்பூர் வழியாகப் பத்து கிலோமீட்டர் அளவு. பாதை குறுகல், டெம்போ டிராவலர் போகும், ஆனால் எதிரே நெல் ஏற்றிய வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். நான்கு பேர் வரை என்றால் கார் போதும்.

இதுதான் உண்மையான போர்க்களம். ஏறக்குறைய 880இல், மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த வெளியில், பாண்டியன் வரகுணனை எதிர்த்துப் பல்லவன் அபராஜிதனும் கங்க மன்னன் பிருதிவீபதியும் ஆதித்த சோழனும் நின்றார்கள். பிருதிவீபதி இங்கேயே விழுந்தான். பல்லவர் வென்றார்கள் என்று ஏட்டில் இருந்தாலும் பலன் சோழருக்குத்தான் போயிற்று. சோழப் பேரரசுக்கு வித்திட்ட போர் இது. பிருதிவீபதியின் பள்ளிப்படைக் கோயிலைத்தான், அதாவது இறந்தவர் நினைவாக எடுத்த கோயிலைத்தான், கல்கி எடுத்துக்கொண்டு, பாண்டிய ஆபத்துதவிகள் (பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் மெய்க்காவலர்கள்) நள்ளிரவில் கூடிச் சபதம் செய்யும் இடமாக ஆக்கினார்.

எதிர்பார்ப்பை இங்கே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். போர்க்களத்தில் பார்க்க நினைவுத்தூண், வரைபடம் எதுவும் இல்லை. வயலும் வாழையும் தென்னந்தோப்பும்தான். சாட்சிநாதர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் ‘பள்ளிப்படை எந்தப் பக்கம்ங்கய்யா?’ என்று கேளுங்கள், கையைக் காட்டுவார்கள். வரப்பில் நடக்க வேண்டியிருக்கும். நடவு முடிந்த மாதங்களில் வரப்பு வழுக்கும், செருப்பு தாங்காது. இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். நாவலின் சூழல் வேண்டுமென்று இரவில் போவது பாம்புக்குப் பயந்தாவது விட்டுவிட வேண்டிய ஆசை. ஏமாற்றமாக இருக்குமா என்று கேட்டால், அந்த அத்தியாயங்களை அங்கேயே உட்கார்ந்து பத்துப் பக்கம் படிக்கிறவருக்கு இருக்காது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாகிவிட்டன. மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகமும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாகத்தையாவது கைபேசியில் இறக்கிக்கொண்டு போங்கள்.

இரண்டாம் நாள் பழையாறை. முதலில் ஒரு பெயர்க் குழப்பம். வெளியூர் டிரைவரிடம் ‘பழையாறை’ என்றால் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துப் பழையாறு மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டியைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. ‘பட்டீஸ்வரம் பக்கம் பழையாறை’ என்று சொல்லுங்கள். கும்பகோணத்துக்குத் தென்மேற்கே எட்டு கிலோமீட்டர் அளவுதான்.

ராஜராஜனின் அக்கா குந்தவையும் பாட்டி முறையான செம்பியன் மாதேவியும் வாழ்ந்த அந்தப் பெருநகரம் இன்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். அரண்மனை நின்ற இடம் என்று காட்ட ஒரு சுவரும் இல்லை. ஊர்ப்பெயர்களில்தான் நகரம் உயிரோடிருக்கிறது. சோழன்மாளிகை என்று ஓர் ஊர். அதைச் சுற்றி ஆரியப்படை, மணப்படை, பம்பைப்படை, புதுப்படை என்று நான்கு ஊர்கள்; படையூர் என்றும் படைவீடு என்றும் பலகைகளில் எழுதியிருப்பார்கள். நகரைச் சுற்றிச் சோழர் படைகள் தங்கிய நான்கு படைவீடுகள் இவை. நாவலிலும் இவற்றின் பெயர் வருகிறது. எந்தப் பேக்கேஜும் இங்கே நிறுத்துவதில்லை. வண்டியை மெதுவாக விடச் சொல்லி, நான்கு பெயர்ப்பலகைகளையும் தொட்டு ஒரு சுற்று வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தலைநகரின் பரப்பு எவ்வளவு பெரியது என்பது காலுக்கும் கண்ணுக்கும் புரியும். பன்னிரண்டு முதல் நான்கு வரையிலான பூட்டு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

காலையில் பழையாறை சோமநாதர் கோயில், பிறகு பட்டீஸ்வரத்தை ஒட்டிய ராமநாதன் கோயில். இரண்டாவதைத் தவறவிடாதீர்கள். ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக எடுத்த பள்ளிப்படை அது. கதைக்கு அரை நூற்றாண்டு பிந்தியதுதான். ஆனாலும் இதற்கு விலக்கு கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது: திருப்புறம்பயத்தில் மனக்கண்ணால் பார்க்க வேண்டியதை, அதாவது ஒரு பள்ளிப்படை முழுமையாக நிற்கும்போது எப்படியிருக்கும் என்பதை, இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். பெரும்பாலான சுற்றுகளில் பட்டீஸ்வரம் துர்க்கை சந்நிதியோடு வண்டி திரும்பிவிடும். டிரைவரிடம் இந்தக் கோயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

உடையாளூருக்கு வருவோம். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர், ‘ராஜராஜ சோழன் சமாதி’ என்று சில பேக்கேஜ்களில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுத்தம் இது. தோட்டத்துக்குள் சாய்ந்தாற்போல் ஒரு லிங்கம். அதைச் சுற்றி மாலையும் கற்பூரமும். பால்குளத்து அம்மன் கோயிலில் கிடைத்த, முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சிவபாதசேகரன் பெயரிலான திருமாளிகையின் முன்பகுதியைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர் என்பதால் இந்த நம்பிக்கை வளர்ந்தது. மாளிகை என்ற சொல்லிலிருந்து சமாதிக்குப் போவது பெரிய தாவல். அங்கே ராஜராஜன் அடக்கமானதற்கு உறுதியான தொல்லியல் சான்று இல்லை. மக்கள் பக்தியோடு வரும் இடம், மரியாதையோடு போய்வரலாம். ஆனால் சமாதி என்பதை முடிந்த முடிவாகச் சொல்லி அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் வழிகாட்டிக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் மாற்றாகக் கதை மாந்தர் கண்ணால் கண்டிருக்கக்கூடிய கல் வேண்டுமா? கும்பகோணம் ஊருக்குள்ளேயே நாகேசுவரன் கோயில் இருக்கிறது, முற்காலச் சோழர் கட்டியது. கருவறைப் புறச்சுவரில் ஏறத்தாழ ஆளுயரத்துக்கு நிற்கும் ஆண், பெண் உருவங்களின் கொண்டையையும் உடுப்பையும் பாருங்கள். குந்தவையும் வானதியும் எப்படி உடுத்தியிருப்பார்கள் என்பதற்குத் திரைப்படத்தைவிட நம்பகமான சாட்சி அது. தஞ்சாவூர் சாலையில் அய்யம்பேட்டை, பசுபதிகோயில் பக்கம் புள்ளமங்கை இருக்கிறது. பராந்தகன் காலத்துக் கோயில். உள்ளங்கை அகலத்துச் சதுரங்களில் ராமாயணமும் நடனமும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு பூதக்கண்ணாடியோ நல்ல ஜூம் உள்ள கைபேசியோ வேண்டும். இந்த இரண்டையும் சேர்க்காத பேக்கேஜ் முழுமையானதல்ல.

நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்காக மட்டும் போகாதீர்கள். காய்ச்சலில் கிடந்த அருள்மொழியை (பின்னாளில் ராஜராஜன்) பிட்சுக்கள் காப்பாற்றும் காட்சி மனதில் நிற்கத்தான் செய்யும். ஆனால் அந்த விகாரம் கடாரத்து மன்னர்களால் ராஜராஜன் காலத்தில் எழுந்தது. ஆனைமங்கலம் அதற்குத் தானமாகக் கொடுக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. கதையில் முன்கூட்டியே வந்தது நாவலாசிரியர் எடுத்துக்கொண்ட உரிமை. கடைசியாக நின்ற கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த புத்தர் திருமேனிகளைப் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம்.

கோடிக்கரை வேறு கதை, அதற்குத் தனி நாள் ஒதுக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு வழிக்கே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இரண்டு நாள் பேக்கேஜில் இதையும் திணித்தால், போய்ச் சேரும்போது இருட்டிவிடும். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நாவலின் படகோட்டிப் பெண் பூங்குழலியின் கரை, கட்டிடங்கள் குறைந்து நிலம் அப்படியே இருக்கும் அரிய இடம்: சதுப்பு, முள்காடு, உப்புக்காற்று. குழகர் கோயில் தேவாரப் பாடல் பெற்றது. கடற்காற்று வந்து அடிக்கும் இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடி இருந்தால் குற்றமா, யார் துணையாக இருக்கிறீர் என்று சுந்தரர் கேட்ட கோயில். அந்தத் தனிமையை இப்போதும் கொஞ்சம் உணரலாம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004 ஆழிப்பேரலையில் சிதைந்துவிட்டது. இன்று நிற்கும் விளக்குகள் பிற்காலத்தவை.

சரணாலயத்துக்குள் போக வனத்துறைச் சாவடியில் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். வெளிமானும் பறவையும் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். வந்தியத்தேவன் சிக்கிக்கொண்ட புதைசேற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சதுப்பின் மேல் வெயிலில் உப்புப் பொருக்கு வெள்ளையாகக் காய்ந்து கெட்டியாகத் தெரியும். அடியில் சேறு ஈரம் வற்றாமல் இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கிவிடும். வண்டித்தடம் உள்ள இடத்தைவிட்டு விலகாதீர்கள், காரையும் இறக்க விடாதீர்கள்.

வாடகைக் கணக்கு. வெளியூர்ப் பயணம் என்று பேசினால் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அதோடு டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங் சேர்ப்பார்கள். மேலே சொன்ன முதல் நாள் 150 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டாம் நாள் 50, புள்ளமங்கையும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். இரண்டு நாளையும் வெளியூர்க் கணக்கில் எடுத்தால் ஓடாத 300 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுகிறீர்கள். முதல் நாளுக்கு மணிக்கணக்கும் கிலோமீட்டரும் சேர்ந்த மொத்தத் தொகை பேசுங்கள். இரண்டாம் நாளுக்கு ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ உள்ளூர் வாடகை போதும். பழையாறை மட்டும் என்றால் கும்பகோணத்து ஆட்டோவே போதும். கோடிக்கரை நாளுக்குத்தான் 250 கணக்கு ஒத்துவரும். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையா, கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் நாளில் தகராறு வருவது இங்கேதான்.

நிறுத்தங்களின் பெயரைத் தமிழில் எழுதி டிரைவருக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்: லால்பேட்டை ஏரிக்கரை, உடையார்குடி அனந்தீசுவரர், மேலக்கடம்பூர், திருப்புறம்பயம், மறுநாள் பழையாறை சோமநாதர், பட்டீஸ்வரம் ராமநாதன் கோயில், நான்கு படையூர், நாகேசுவரன், புள்ளமங்கை. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ‘அங்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பெரிய கோயிலுக்குப் போயிடலாம்’ என்று சொல்கிற வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியைக் கேளுங்கள்.